படம் பார்த்துச் சொன்ன மருந்து: திருகோணமலையில் ஒரு படர்தாமரை

படர்தாமரை பங்கஸ் (பூஞ்சணம்) தொற்றுவதால் வருவது, தோல் நோய்களில் மிகச் சாதாரணமானது. வட்டமாக வரும், ஓரம் தடித்துச் செதில் விடும், நடுப்பகுதி தெளிந்துகொண்டே போகும், கடிக்கும், அதாவது அரிக்கும். மருத்துவ பீட மாணவன்கூடப் பார்த்தவுடன் சொல்லிவிடுவான். அப்படியான ஒன்று ஐந்து மாதம் இழுபட்டு, வீட்டில் இருந்த மூன்று பேரையும் பிடித்து, ஒருவரின் தொடையில் இனி அழியாத வரிகளையும் விட்டுப் போனது. அது எப்படி நடந்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன். இதில் மோசடிக்காரர் யாரும் இல்லை. ஆலோசனை சொன்னவர்களில் அநேகமானோர் நல்லெண்ணத்தில் சொன்னவர்கள். ஒருவர் பதிவுபெற்ற வைத்தியர்.

நோயாளியின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்தது பிள்ளைக்காக

அவர்கள் என்னிடம் வந்தது மூன்று வயது மகளின் கன்னத்தைக் காட்ட. கன்னத்தில் மங்கலான ஒரு வட்டம், ஓரத்தில் மெல்லிய செதில். "வீட்டில வேற ஆருக்கும் கடி இருக்கா?" என்று கேட்டேன். மனைவி கணவரைப் பார்த்தார். கணவர் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தார்.

"இவருக்கும் இருக்கு டொக்டர். சொல்ல வெக்கப்படுறார்."

அவருக்கு 32 வயது. உப்புவெளிப் பக்கம் ஒரு ஹொட்டேலின் சலவைப் பகுதியில் வேலை. இந்தக் கரையில் சுற்றுலாச் சீசன் சித்திரையில் தொடங்கிப் புரட்டாதி வரை ஓடும். அதே மாதங்களில்தான் கச்சான் காற்றும் அனலாக வீசும். இஸ்திரி இயந்திரத்தின் ஆவிக்குப் பக்கத்தில், தடித்த சீருடைக் களிசானோடு, நாள் முழுக்க நிற்க வேண்டும். பெல்ட் இறுக்கும் இடமும் கவட்டும் காயவே காயாது. தோல் பங்கசுக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது. வேலையிடத்தில் நூற்றுக்கணக்கான துவாய்களைத் தோய்க்கிறவரின் வீட்டில் மூன்று பேருக்கும் குளிக்க ஒரே துவாய்தான்.

இதுவரை பூசியதையெல்லாம் அடுத்த முறை கொண்டுவரச் சொன்னேன். "இப்பவே இருக்கு" என்று மனைவி கைப்பையிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்து மேசையில் கொட்டினார். நான்கு ரியூப்புகள், ஒரு சிறிய எண்ணெய்ப் போத்தல், பாதி தேய்ந்த மருந்துச் சவர்க்காரம். ஒரு ரியூப்பை அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டி, கழுத்துவரை பிதுக்கி எடுத்திருந்தார்கள். அதன் முதுகில் இருந்த எழுத்து அவ்வளவு பொடி. போன் கமராவைப் பெரிதாக்கித்தான் வாசித்தேன்: குளோபெட்டசோல், நியோமைசின், மைக்கோனசோல். முதலாவது அழற்சியை அடக்கும் ஸ்டீரொயிட், இரண்டாவது பக்டீரியாவுக்கானது, மூன்றாவது பங்கசுக்கானது. மூன்றையும் ஒரே கிறீமில் குழைத்தால் எது வந்தாலும் ஒன்று பிடிக்கும் என்ற கணக்கு.

இந்தக் குளோபெட்டசோலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பூசும் ஸ்டீரொயிட்டுகளில் ஆகக் கடும் வகுப்பைச் சேர்ந்தது. வளர்ந்தவர்களுக்கே தொடர்ந்து இரண்டு கிழமைக்கு மேல் வேண்டாம், கிழமைக்கு 50 கிராமைத் தாண்ட வேண்டாம் என்பது பொதுவான எல்லை. முகம், கவட்டு, அக்குள் போன்ற இடங்களில் பூசவே கூடாது. பிள்ளையின் கன்னத்தில் பூசப்பட்டிருந்ததும் இதே ரியூப்தான்.

போனில் இருந்த வரலாறு

எப்போது தொடங்கியது, எப்படிப் பரவியது என்று கேட்டால் நோயாளிகளுக்குச் சரியாக நினைவு வராது. இவருக்கு அந்தச் சிரமம் இருக்கவில்லை. ஆலோசனை கேட்பதற்காக ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்திருந்தார். போன் திகதியோடு சேமித்து வைத்திருந்தது. இருவரும் கலரியைப் பின்னாலிருந்து முன்னால் தள்ளிக்கொண்டு போனோம்.

முதல் படம் வைகாசியில் எடுத்தது. இடுப்பில், பெல்ட் படும் இடத்தில், ஒரு ரூபாய்க் குற்றியளவு வட்டம். ஓரம் தெளிவாகத் தடித்திருக்கிறது, நடுவில் தோல் தெளிந்திருக்கிறது. படர்தாமரைக்குப் பாடப்புத்தகத்தில் போடக்கூடிய படம். அன்று யாரிடமாவது நேரில் காட்டியிருந்தால் பங்கசுக்கான சாதாரண குளோட்டிரிமசோல் அல்லது டெர்பினபின் கிறீம் ஒன்றோடு சில கிழமைகளில் முடிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அவர் அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பவில்லை. வீடியோ ஒன்றைத் தேடிப் பார்த்தார். உள்ளியை அரைத்து உப்புக் கலந்து இரவு முழுக்கக் கட்டினால் வேரோடு போகும் என்று அதில் சொன்னார்கள். கட்டினார். பச்சை உள்ளியைத் தோலில் நெடுநேரம் அழுத்தி வைத்தால் அது தோலைப் பொசுக்கும். இரண்டாவது படத்தில் வட்டம் தெரியவில்லை. நீர் கட்டிய கொப்புளமும் கன்றிய தோலும் மட்டுமே தெரிந்தன.

இந்த இரண்டாவது படத்தைத்தான் அவர் பேஸ்புக் குழுவொன்றில் போட்டார். கொமென்டுகளை அவரே வாசித்துக் காட்டினார். இந்தியாவிலிருந்து ஒருவர் 'இது அக்கி, காவி பூசுங்கள்' என்றார். இன்னொருவர் கிரந்தி, இறைச்சியும் கத்தரிக்காயும் தள்ளி வைக்கச் சொன்னார். ஒருவர் சோரியாசிஸ் என்றார். உறவினர் ஒருவர் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்துவிட்டு வரச் சொல்ல, அதையும் செய்திருக்கிறார். ஏழு கிணற்றிலும் முழுகி, ஈரச் சாரத்தோடு ஓட்டோவில் வீடு வந்து சேர்ந்திருக்கிறார். வெந்நீரில் குளித்தால் உடம்புக்குச் சுகம்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. பங்கசுக்கும் சுகம்தான்.

அக்கி என்று சொன்னவரைக் குறை சொல்ல முடியாது. கொப்புளத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அவர் பார்த்தது நோயை அல்ல, உள்ளி செய்த வேலையை. இந்த நிகழ்வு முழுக்க நடந்தது இதுதான். ஒவ்வொரு ஆலோசகரும் தனக்கு முந்தைய ஆலோசகர் உண்டாக்கிய படத்தைப் பார்த்துத்தான் மருந்து சொன்னார்.

ஆகக் குறைந்தது எழுபது கொமென்டுகளுக்கு நடுவே ஒரு பெண், 'தம்பி, எங்கட வீட்டில எல்லாருக்கும் இதுக்குச் சுகமானது' என்று ஒரு கிறீமின் படத்தைப் போட்டிருந்தார். அதுதான் அந்தச் சுருட்டிய ரியூப். பாமசியில் வைத்தியரின் துண்டு கேட்கவில்லை. படத்தைக் காட்டினார், எடுத்துக் கொடுத்தார்கள்.

நாலாம் நாள்

மூன்றாவது படம் கிறீம் பூசத் தொடங்கிய நாலாம் நாள் எடுத்தது. தோல் ஏறக்குறையச் சுத்தமாக இருக்கிறது. அதைக் குழுவில் போட்டு, கும்பிடும் கைகளோடு நன்றி எழுதியிருக்கிறார். கீழே பலர் கிறீமின் பெயரைக் கேட்டிருக்கிறார்கள். இவரும் சலிக்காமல் ஒவ்வொருவருக்கும் பதில் போட்டிருக்கிறார்.

வட்டத்தின் ஓரம் ஏன் தடித்துச் சிவக்கிறது, ஏன் கடிக்கிறது? அது பங்கஸ் மட்டும் செய்யும் வேலை அல்ல. பங்கசை எதிர்த்து நம் உடம்பு காட்டும் அழற்சி அது. ஸ்டீரொயிட் அந்த அழற்சியை அடக்குகிறது. கடி நிற்கிறது, ஓரம் மறைகிறது. பங்கசுக்கு இருந்த ஒரே எதிரி படுத்துவிட்டதால் அது நிம்மதியாகப் பரவுகிறது. நாய்க்கு வாய்க்கட்டுப் போட்டுவிட்டு, குரைக்கவில்லை, ஆகவே கள்ளன் வரவில்லை என்று படுப்பது போலத்தான் இது. கலவையில் பங்கசுக்கான மருந்தும் இருக்கிறதே என்று கேட்கலாம். கடி நின்றதும் பூசுவதை நிறுத்துகிறார்கள், திரும்பக் கடித்ததும் பூசுகிறார்கள். பங்கஸ் சாக அது போதாது, ஸ்டீரொயிட் கெடுக்க அது தாராளம்.

தோல் நோய்க்கு இணையத்தில் வரும் அனுபவக் குறிப்புகளை நான் நம்பாததற்குக் காரணம் அந்த நாலாம் நாள்தான். ஸ்டீரொயிட் கலந்த எந்தக் கிறீமும் நாலாம் நாளில் அற்புதமாகத் தெரியும். ஆட்கள் நன்றி எழுதுவதும் அன்றைக்குத்தான். ஆறாம் கிழமையில் கவட்டெல்லாம் பரவியபின் அதே பதிவுக்குத் திரும்பி வந்து 'திரும்ப வந்துவிட்டது' என்று எழுதுபவர் எத்தனை பேர்? இவரும் எழுதவில்லை. நன்றிப் பதிவு அப்படியே நிற்கிறது. பெயர் கேட்டவர்களில் எத்தனை பேர் வாங்கிப் பூசினார்களோ!

இடைவெளி

மூன்றாவது படத்துக்கும் நான்காவதுக்கும் இடையில் ஒன்றரை மாதம் படமே இல்லை. நோய் இல்லாததால் அல்ல. இடுப்பிலிருந்து கவட்டுக்கு இறங்கிவிட்டது. அந்த இடத்தைப் படமெடுத்து ஒரு குழுவில் போட முடியுமா? அதே கிறீமைத் தொடர்ந்து பூசினார். நின்றால் விட்டார், கடித்தால் பூசினார்.

கவட்டுத் தோல் மெல்லியது, மடிப்புக்குள் மூடிக் கிடப்பது. மருந்து அங்கே வேறு விதமாக நடந்துகொள்ளும். பெல்ட்மேன், மைபாக் என்ற ஆய்வாளர்கள் 1967இல் வெளியிட்ட அளவீடு தோல் மருத்துவத்தில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. முன்கையில் பூசினால் ஹைட்ரோகோட்டிசோன் எவ்வளவு உடம்புக்குள் போகுமோ, அதைப்போல 42 மடங்கு விதைப்பைத் தோல் வழியாகப் போகும். அவர்கள் சோதித்தது மெல்லிய வகை ஸ்டீரொயிட். இவர் பூசியது ஆகக் கடும் வகை.

காணொளியில் வைத்தியர்

ஆவணியில், காசு கட்டி, ஒரு காணொளி ஆலோசனைக்குப் போனார். இந்த இடத்தில் நிதானமாக இருக்க வேண்டும். அந்த வைத்தியரை இணையத்தில் வாயில் வந்ததைச் சொல்பவர்களோடு சேர்க்கக் கூடாது. அவர் முன்னால் இருந்தது நான்காவது படம்: இரவில், மின்விளக்கின் கீழ், பிளாஷ் போட்டு எடுத்த உள்தொடை. வட்டம் இல்லை, ஓரம் இல்லை, செதில் இல்லை. பரவலான கபில நிறத் தடிப்பு. பூசிப் பூசி உரு மாறிய படர்தாமரை அப்படித்தான் இருக்கும். இதற்கு டினியா இன்காக்னிட்டோ என்று பெயர். பிரித்தானிய வைத்தியர்களான ஐவும் மார்க்சும் 1968இல் இதை விவரித்தார்கள். பூசும் ஸ்டீரொயிட்டுகள் புழக்கத்துக்கு வந்து அப்போது அதிக காலம் ஆகவில்லை.

போன் கமராவும் தன் பங்குக்குக் கெடுத்திருந்தது. பல போன்கள் தோலை மிருதுவாக்கிக் காட்டும் பழக்கமுள்ளவை. முதலில் அழிவது மெல்லிய செதில். பிளாஷ் வெளிச்சம் நேராக விழுந்தால் ஓரத்தின் தடிப்பு தட்டையாகிவிடும். நம்முடைய தோல் நிறத்தில் அழற்சி சிவப்பாகத் தெரியாது, கபிலமாகவோ ஊதா கலந்தோ தெரியும். வெள்ளைத் தோலின் படங்களை வைத்துப் படித்த கண்ணுக்கு அது பழைய வடுப்போலத் தோன்றலாம்.

வைத்தியர் எக்ஸிமா, அதாவது தொற்றில்லாத தோல் அழற்சி, என்றார். படத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் நியாயமான முடிவு. வேறு மருந்து ஏதும் எடுக்கிறாரா என்றும் கேட்டிருக்கிறார். இவர் இல்லை என்றிருக்கிறார். பாமசியில் வாங்கிய கிறீமை இவர் மருந்துக் கணக்கில் சேர்க்கவே இல்லை. குளிசையும் ஊசியும்தான் அவருக்கு மருந்து. தோலில் இதுவரை என்னென்ன பூசினீர்கள் என்று வைத்தியர் தனியாகக் கேட்டிருந்தால் பை வெளியே வந்திருக்கும். விளைவு, இன்னொரு ஸ்டீரொயிட் கிறீம்.

அந்தக் கிழமையிலேயே மனைவிக்கு இடுப்பில் தொடங்கியது. அப்புறம் பிள்ளையின் கன்னம்.

பரிசோதனையும் சிகிச்சையும்

சட்டையை உயர்த்தச் சொன்னேன். இடுப்பைச் சுற்றி, வட்டத்துக்குள் வட்டமாக, விட்டு விட்டுப் பூசிய காலங்களின் கோடுகள் தெரிந்தன. உள்தொடை இரண்டிலும் ஊதா நிறத்தில் நீளவாக்கில் வரிகள். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு வயிற்றில் வருமே, அதே வகை வரிகள்தான். ஸ்டீரொயிட் தோலின் உள்ளிழைகளை மெலிய வைத்ததால் வந்தவை. நிறம் மங்கும், முழுதாக அழியாது.

தோல் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினேன். அங்கே செய்தது எளிய சோதனை. மழுங்கிய கத்தி விளிம்பால் ஓரத்தைச் சுரண்டி, செதிலைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஐதரொட்சைட்டு ஒரு துளி விட்டு, நுணுக்குக்காட்டியில் பார்ப்பது. பங்கஸ் இழைகள் நிறைய இருந்தன. ஸ்டீரொயிட் பூசிய தோலில் அவை தாராளமாகவே இருக்கும். ஐந்து மாதக் குழப்பத்தைத் தீர்க்க ஒரு கத்தியும் ஒரு துளியும் போதுமாக இருந்தன.

ஸ்டீரொயிட் முழுவதும் நிறுத்தப்பட்டது. அவருக்குப் பங்கசுக்கான இட்ராகோனசோல் குளிசை எழுதினார்கள். ஈரலைப் பார்க்க இரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். தென்னாசியாவில் டெர்பினபினுக்கு அடங்காத ஒரு பங்கஸ் வகை பரவியிருப்பதும் மருந்துத் தேர்வில் கவனிக்கப்படுகிறது. 2020இல்தான் அதற்கு டிரைக்கோபைட்டன் இன்டோட்டினியே என்று பெயர் வைத்தார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் பூச்சு மருந்து மட்டும், ஸ்டீரொயிட் இல்லாதது.

இங்கே ஒரு சிக்கல், இணையத்தில் யாருமே கேட்டிருக்க முடியாத ஒன்று. துண்டோடு திரும்பி வந்தவரிடம் வேறு என்ன குளிசை பாவிக்கிறார் என்று கேட்டேன். "கஸ்ரிக்குக்கு ஒண்டு போடுறனான், அது எல்லாரும் போடுறதுதானே" என்றார். ஒமிப்பிரசோல். இட்ராகோனசோல் கப்சூல் உடம்பில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும். அமிலத்தை அடக்கும் குளிசையை விடாமல் போட்டால் விலை கூடிய மருந்து பாதி வீண். அவருடைய கஸ்ரிக் உண்மையில் காலைச் சாப்பாட்டைத் தவிர்ப்பதால் வந்தது. ஒமிப்பிரசோலை நிறுத்தி, கப்சூலைச் சாப்பாட்டோடு எடுக்கச் சொன்னேன்.

ஸ்டீரொயிட்டை நிறுத்தியதும் கடி முன்பைவிடக் கூடும் என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன். சொல்லாவிட்டால் பழைய ரியூப்புக்கே போயிருப்பார். முதல் கிழமை தூங்கவில்லை என்றார். கடியைக் குறைக்கும் செற்றிரிசின் குளிசை உதவியது. ஆளுக்கொரு துவாய், களிசானை உட்பக்கம் வெளியே திருப்பி வெயிலில் காய வைப்பது, தோல் தெளிந்தபிறகும் இரண்டு கிழமை பூச்சு மருந்தைத் தொடர்வது. சலவை வேலை செய்கிறவருக்குத் துணி தோய்ப்பதைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு மாதமளவில் மூவருக்கும் தெளிந்தது. பிள்ளையின் கன்னத்தில் கொஞ்ச நாள் வெளிறல் இருந்து போய்விட்டது. அவருடைய தொடை வரிகள் இருக்கின்றன.

இணையத்தில் கேட்கவே கூடாதா?

அப்படிச் சொல்பவர்கள் புல்மோட்டையிலிருந்து ஒருநாள் பஸ்ஸில் வந்து பார்க்கட்டும். ஐம்பது கிலோமீற்றருக்கு மேல். வெருகலிலிருந்தும் இலேசான பயணம் இல்லை. கிளினிக் நாள் என்றால் அன்றைய சம்பளம் போய்விடும். கவட்டில் வந்த நோய் என்றால் அதற்கு மேல் வெட்கமும் சேர்கிறது. ஆட்கள் போனில்தான் கேட்பார்கள். முகப்பரு மருந்து வேலை செய்கிறதா, தையல் போட்ட இடம் ஆறுகிறதா, ஏற்கனவே பெயர் தெரிந்த எக்ஸிமா கூடுகிறதா என்பதற்கெல்லாம் படம் நன்றாகவே உதவும். நானும் பார்க்கிறேன்.

படத்துக்கு அடங்காதவையும் உண்டு. வெளிறிய தேமல் ஒன்று, கடியில்லை, வலியில்லை. தொட்டால் உணர்வு குறைவு என்றால் அது தொழுநோயாக இருக்கலாம். தேசிய அளவில் அதை ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமல் செய்யும் இலக்கை இலங்கை 1995இலேயே எட்டியது. ஆனாலும் இன்றும் புதிய நோயாளிகள் வருகிறார்கள், பக்கத்து மட்டக்களப்பிலும் கூட. முழுதாகக் குணமாகும், மருந்து இலவசம். ஆனால் உணர்வு குறைவதை எந்தக் கமராவும் பிடிக்காது. பஞ்சு நுனியால் தொட்டுப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். ஆறாத, நோகாத ஒரு பரு கையிலோ முகத்திலோ மாதக்கணக்கில் இருந்தால், குறிப்பாக அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கக் காடுகளில் வேலை செய்தவர்களுக்கு, மணல் ஈ பரப்பும் லீஷ்மேனியாசிஸை நினைக்க வேண்டும். இரவில் வீடு முழுக்கச் சொறிந்தால் அது சிரங்கு. அதற்கு ஒருவரின் விரலிடுக்குப் படத்தைவிட வீட்டில் எத்தனை பேர் சொறிகிறார்கள் என்ற கேள்விதான் முக்கியம்.

பாமசிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியாவில் 2018இல், பூசும் ஸ்டீரொயிட்டுகள் 14ஐ வைத்தியரின் துண்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலுக்குள் கொண்டுவந்தார்கள். அதன் பிறகும் அங்கிருந்து வரும் வீடியோக்களில் அதே கிறீம்கள் பெயரோடு வருகின்றன, இங்கே கவுண்டரில் படத்தைக் காட்டினால் கிடைக்கின்றன. 'இதில் ஸ்டீரொயிட் இருக்கு, கவட்டுக்கும் முகத்துக்கும் பூசாதேங்கோ' என்று கொடுக்கும்போது ஒரு வசனம் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்?

இணையத்தில் வைத்தியரிடம் கேட்பதென்றால் முதலில் அவர் பெயர் இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்க்கலாம். பிறகு, படத்தைப் பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், ஒன்று தூரத்திலிருந்தும் ஒன்று பக்கவாட்டிலும் எடுக்கலாம். அளவு தெரிய ஒரு குற்றியைப் பக்கத்தில் வைக்கலாம். அதைவிட முக்கியம் படத்தோடு போகும் எழுத்து. இவர் ஆவணியில் அந்தக் காணொளி வைத்தியருக்கு இப்படி எழுதியிருக்கலாம்:

'வணக்கம் டொக்டர். 32 வயது, சலவை வேலை, நன்றாக வியர்க்கும். வைகாசியில் இடுப்பில் வட்டமாகத் தொடங்கியது, அப்போது எடுத்த படத்தையும் அனுப்புகிறேன். முதலில் உள்ளி கட்டினேன், பொங்கியது. பிறகு இந்தக் கிறீமை விட்டு விட்டுப் பூசினேன், ரியூப்பின் இரண்டு பக்கமும் படம் இருக்கிறது. பூசினால் நிற்கிறது, விட்டால் கூடுகிறது. இப்போது கவட்டிலும் இருக்கிறது. வீட்டில் ஒரே துவாய் பாவிக்கிறோம். கஸ்ரிக்குக்குத் தினமும் குளிசை போடுகிறேன்.'

இதை வாசிக்கும் வைத்தியர் மருந்தே எழுதாமல், 'சுரண்டிப் பார்க்க வேண்டும், நேரில் காட்டுங்கள்' என்று மட்டும் பதில் போட்டிருக்கலாம். அதற்கும் கட்டணம் எடுப்பார். கொடுக்கலாம்.